தலை சொன்னதும் வெள்ளி சொன்னதும்

கிளாடியஸ் ரோமை ஆண்ட காலம். செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியக் கரையையொட்டிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தான். காற்று திசைதிருப்பி அடித்ததில், பதினைந்தாம் நாள் கப்பல் இலங்கையில் கரை ஒதுங்கியது. அந்நாட்டு அரசன் அவனை ஆறு மாதம் விருந்தாளியாக வைத்திருந்து, ரோமைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளையும் பார்த்தான். காசுக்குக் காசு தலை வேறு. எடை மட்டும் ஒன்று. ஆள்பவர் மாறினாலும் காசின் எடையை மாற்றாத நாட்டை நம்பலாம் என்று முடிவுகட்டி, ரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்பிவைத்தான். மூத்த பிளினி தம்முடைய 'இயற்கை வரலாறு' நூலில் எழுதியிருக்கும் செய்தி இது.

கதையில் கொஞ்சம் பூச்சு இருக்கலாம்; தன் நாட்டைப் பிறர் புகழ்ந்ததாக எழுதுவதில் ரோமானியருக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்த அரசன் செய்த சோதனை சரியானது. காசில் பொறித்த படம், பேரரசர் மக்களிடம் சொல்ல விரும்பியதைச் சொல்லும். காசின் உலோகம், கருவூலத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சுமார் ஐந்நூறு ஆண்டு அரசியல் கையடக்கமாகக் கிடைக்கிறது. இந்த அத்தியாயம் அப்படிப் படிப்பதற்கான முயற்சி.

ஒரு காசு அடித்த விதம்

ரோமின் வெள்ளிக் காசுக்கு டெனாரியஸ் என்று பெயர். ஹானிபலுடனான போர் உச்சத்தில் இருந்த கி.மு. 211 வாக்கில் அது பிறந்தது. தொடக்கத்தில் சுமார் நாலரை கிராம்; சில ஆண்டுகளிலேயே 3.9 கிராமுக்கு இறங்கி அங்கேயே நிலைகொண்டது. ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்பது கணக்கு. பதினாறு செப்புக் காசுகளுக்கு ஒரு டெனாரியஸ், இருபத்தைந்து டெனாரியஸுக்கு ஒரு பொற்காசு. அகஸ்டஸ் காலத்துக் காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 225 டெனாரியஸ். காசு அடிப்பதற்கு முதன்மையான காரணமே இந்தச் சம்பளப் பட்டுவாடாதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அக்கசாலையில் வெள்ளியை உருக்கி, நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய வில்லைகளாக எடுப்பார்கள். பேரரசரின் தலை குழிவாக வெட்டப்பட்ட அச்சு, பட்டடையில் அசையாமல் பதிந்திருக்கும். அதன்மேல் வில்லை. வில்லையின்மேல் பின்பக்கத்துப் படம் வெட்டிய இன்னோர் அச்சை ஒருவன் பிடித்துக்கொள்வான், சம்மட்டி இறங்கும். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதிந்துவிடும்.

மேல் அச்சுதான் சம்மட்டி அடியை நேரடியாக வாங்குகிறது. ஆகவே அதுதான் சீக்கிரம் தேயும், விரியும். கீழ் அச்சு ஒன்று உழைக்கிற காலத்தில் மேல் அச்சுகள் பலவற்றை மாற்ற வேண்டியிருக்கும். எப்படியும் புதிதாக வெட்டத்தான் வேண்டும் என்னும்போது, படத்தை மாற்றுவதற்குத் தனிச் செலவு ஏது? முன்பக்கத்தில் பேரரசரின் தலை மாறாமல் இருக்க, பின்பக்கம் நூற்றுக்கணக்கான படங்களால் நிறைந்ததில் இந்தத் தொழில்நுட்பத்துக்கும் பங்கு உண்டு.

ஓரத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகள் பட்டங்களின் சுருக்கம்: தளபதி, சீசர், அகஸ்டஸ், தலைமைப் பூசாரி, நாட்டின் தந்தை. இவற்றுள் ஆய்வாளருக்குப் பெரிய உதவி, மக்கள் தீர்ப்பாளர் அதிகாரம் என்ற பட்டம். பேரரசர்கள் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டார்கள். அதற்குப் பக்கத்தில் 16 என்று எண் இருந்தால், அது அந்த அதிகாரம் பெற்றதன் பதினாறாம் ஆண்டில் அடித்த காசு. ஆண்டு போடும் வழக்கமே இல்லாத காசுகளுக்கு இன்று நாம் ஆண்டு குறிப்பது இப்படித்தான்.

கையில் இருப்பதைப் பார்

பின்பக்கத்தில் அடிக்கடி தென்படுவது ஒரு பெண்ணுருவம். அவள் அரசியும் அல்ல; வழக்கமான பெருந்தெய்வமும் அல்ல. அமைதி, நீதி, நம்பிக்கை போன்ற ஒரு பண்புக்குக் கொடுத்த வடிவம். அடையாளம் காண முகத்தைப் பார்த்துப் பயனில்லை, எல்லா முகமும் ஒன்றுபோலவே இருக்கும். வேலைப் பார்த்து முருகன் என்றும் வீணையைப் பார்த்துக் கலைமகள் என்றும் நம் கோயிலில் தெரிந்துகொள்வதுபோல, இங்கும் கையில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆலிவ் கிளை ஏந்தியிருந்தால் அமைதி. படகின் சுக்கானைப் பிடித்திருந்தால் ஊழ். வாழ்வை எந்தப் பக்கமும் திருப்புகிறவள் என்பதால். ஒரு கையால் ஆடையின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு மறுகையில் பூமொட்டை நீட்டினால் நம்பிக்கை. பாம்புக்கு உணவு ஊட்டினால் உடல்நலம். கதிர்க் கொத்தும் தானிய மரக்காலும் இருந்தால், ரோமுக்கு எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த தானிய விநியோகம். தராசும் வளக்கொம்பும் ஏந்தியவள் நேர்மை; சில காசுகளில் அதே தராசோடு நிற்பவள் அக்கசாலையின் தேவி மொனேட்டா. இந்தத் தராசுக்காரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

வானத்தைக் காசில் இறக்கியவர்கள்

உயிரோடிருக்கும் ரோமானியரின் தலை ரோம் நகரக் காசில் முதலில் ஏறியது கி.மு. 44இல், ஜூலியஸ் சீசருடையது. அரசன்போல நடக்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவும் வலுச்சேர்த்தது. அந்த மார்ச்சிலேயே அவரைக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 42இல் தம் படைக்குச் சம்பளம் கொடுக்க அடித்த டெனாரியஸில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே கொலை நடந்த நாள். இதைவிடப் பச்சையான அரசியல் காசு உலகில் அரிது. ஆனால் அதைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தில் புரூட்டஸின் சொந்தத் தலை! சீசர் திறந்த கதவை மூட வந்தவரே அதன் வழியாக உள்ளே போய்விட்டார்.

கொலை நடந்த ஆண்டின் கோடையில், சீசரின் நினைவாக விளையாட்டு விழா நடந்தபோது, வானில் ஒரு வால்வெள்ளி ஏழு நாள் தெரிந்தது. சீன வானியல் பதிவுகளிலும் அதே ஆண்டில் ஒரு வால்வெள்ளி இருக்கிறது. அது சீசரின் ஆன்மா என்று மக்கள் நம்பினார்கள். சீசரின் சுவீகாரப் பிள்ளையான அகஸ்டஸ் இந்த நம்பிக்கையை வீணாக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அவர் அடித்த டெனாரியஸில், எட்டுக் கதிர்கள் விரிந்த வால்வெள்ளி. ஒரு கதிரில் மட்டும் தீச்சுடர்போன்ற வால். 'தெய்வமாகிய ஜூலியஸ்' என்ற எழுத்து. தந்தை தெய்வம் என்றால் மகன் யார் என்பதை எழுதவே தேவையில்லை.

அகஸ்டஸின் இன்னொரு வெள்ளிக் காசில் மகர ராசியின் உருவம்: முன்பாதி ஆடு, பின்பாதி மீன், கால்களுக்கிடையே உலக உருண்டை. அவர் பிறந்தது செப்டம்பர் 23. சூரியன் அப்போது மகரத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. பிறந்தபோது சந்திரன் இருந்த ராசி அது என்று சிலரும், கருக்கொண்ட காலத்து ராசி என்று சிலரும் விளக்குகிறார்கள். குளிர்காலச் சூரியன் மகரத்திலிருந்துதான் மீண்டும் ஏறத் தொடங்குகிறது. உள்நாட்டுப் போரில் நொந்திருந்த மக்களுக்குப் புது யுகம் பிறந்ததாகச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சின்னம் இல்லை.

பேரரசர் டொமீஷியன் மனைவியின் பெயரில் கி.பி. 82–83இல் அடித்த டெனாரியஸைப் பார்த்தால் மனம் கொஞ்சம் கனக்கும். இறந்துபோன அவர்களுடைய சின்ன மகன் உலக உருண்டையின்மேல் அம்மணமாக உட்கார்ந்து இரு கைகளையும் விரித்திருக்கிறான். அவனைச் சுற்றி ஏழு விண்மீன்கள். வம்சம் தொடரவில்லை என்ற துயரத்தையே, வானுலகில் எங்களுக்கு ஆள் இருக்கிறான் என்ற உரிமையாக மாற்றிக் காட்டுகிறது அந்தக் காசு.

கோவை மண்ணில் இரண்டு இளவரசர்கள்

கொங்கு நாட்டில் நிலத்தை உழும்போதும் தோண்டும்போதும் டெனாரியஸ்கள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் மட்டும் 1842, 1891, 1931 என மூன்று முறை நூற்றுக்கணக்கில் கிடைத்தன. படியூர், கொடுமணல் பக்கத்துப் பச்சைக்கல், மேற்குக் கரையின் மிளகு, பாலக்காட்டுக் கணவாய் வழி நடந்த வணிகம் ஆகியவை அவற்றை இங்கே கொண்டுவந்து சேர்த்தன.

தென்னிந்தியப் புதையல்களில் ஒரு விநோதம் உண்டு. ரோமில் எத்தனையோ படங்கள் புழங்க, இங்கே கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டே வகை. முதலாவது, அகஸ்டஸ் தம் பேரன்கள் கையஸையும் லூசியஸையும் வாரிசுகளாக அறிவித்து லியோன் நகரில் அடித்தது. சால்வைபோன்ற தோகா ஆடையில் இரு இளைஞர்கள் அருகருகே நிற்கிறார்கள். இருவர் கையும் தரையில் ஊன்றிய வட்டக் கேடயங்கள்மேல் இருக்கிறது. பின்னால் இரண்டு ஈட்டிகள். மேலே, பூசையில் பானம் ஊற்றும் அகப்பையும், பறவைச் சகுனம் பார்ப்பவரின் வளைகோலும். போரும் வேள்வியும் இனி இவர்கள் பொறுப்பு என்று பொருள். ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். ஒருநாள்கூட ஆளாத இரண்டு பிள்ளைகளின் உருவம், கப்பலேறிக் கோவை மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வகை, அவர்களுக்குப் பதிலாக அரியணை ஏறிய டைபீரியஸின் காசு. செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவருடைய தாய் லிவியா என்பது பரவலான கருத்து. ஏறத்தாழ 23 ஆண்டு ஆட்சியில் டைபீரியஸ் தம் டெனாரியஸின் படத்தைப் பெரும்பாலும் மாற்றவே இல்லை. உள்ளூரில் சலிப்பூட்டக்கூடிய இந்தப் பிடிவாதம் வெளிநாட்டு வணிகத்தில் பெரும் பலமாயிற்று. இலத்தீன் எழுத்தை வாசிக்கத் தெரியாத வணிகருக்கு, பழகிய படமே தரச் சான்று. கேட்டு வாங்கினார்கள், கிடைக்காதபோது அதே படங்களைப் பார்த்து இந்தியாவிலேயே போலிகளும் அடித்தார்கள்.

செய்தியும் நடப்பும்

பின்பக்கத்துப் படங்களில் சில வெற்றிச் செய்தி. 70இல் எருசலேம் விழுந்தபின் வெஸ்பாசியன் அடித்த டெனாரியஸில், கைப்பற்றிய ஆயுதங்களைத் தொங்கவிட்ட கம்பத்தின் கீழே ஒரு பெண் தலையில் கைவைத்து அழுதபடி உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் யூதேயா. முந்தைய ஆண்டு உள்நாட்டுப் போரில் பதவியைப் பிடித்த புதுக் குடும்பத்துக்கு, வெளியே ஒரு வெற்றியைக் காட்டியே ஆக வேண்டியிருந்தது. அறுபது ஆண்டு கழித்து ஹேட்ரியன் மாகாணம் மாகாணமாகச் சுற்றிவந்து அடித்த வரிசையில் அழுகை இல்லை. எகிப்து கிலுக்கு ஒன்றை ஏந்திச் சாய்ந்திருக்க, காலடியில் ஐபிஸ் பறவை. ஆப்பிரிக்காவுக்கு யானைத் தும்பிக்கை வைத்த தலைச்சூடு, கையில் தேள். ஸ்பெயினின் பக்கத்தில் ஒரு முயல். வென்ற நாடுகள் குடும்பத்தில் சேர்ந்துவிட்டன என்பது ஹேட்ரியனின் கொள்கை. படங்கள் அதையே சொல்கின்றன.

சில படங்கள் சொல்வது வேண்டுதல். முதியவரான நெர்வா 96இல் பதவிக்கு வந்தார். அவருடைய காசுகளில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும். 'படைகளின் ஒற்றுமை' என்று சுற்றிலும் எழுதியிருக்கும். அடுத்த ஆண்டே மெய்க்காவல் படையினர் அரண்மனையை முற்றுகையிட்டு, தாங்கள் கேட்டவர்களைக் கொன்றார்கள். படையை அடக்க வலிமையான ஒருவர் தேவை என்று உணர்ந்த நெர்வா, டிராஜனைச் சுவீகாரம் எடுத்தார். காசில் ஒற்றுமை, விசுவாசம் என்று அடித்துச் சொன்னால், அவை குறைவாக இருந்த இடத்தைத் தேடிப் பார்ப்பது நாணயவியலாளரின் பழக்கம்.

தோலுக்கு அடியில்

64 ஜூலையில் ரோம் எரிந்தது. நகரை மீண்டும் கட்ட வேண்டும். பேரரசர் நீரோவுக்குத் தங்க மாளிகையும் வேண்டும். அந்த ஆண்டில் டெனாரியஸின் எடை ராத்தலுக்கு 96 காசு என்ற அளவுக்கு, அதாவது சுமார் 3.4 கிராமுக்கு இறங்கியது. வெள்ளியின் மாற்றையும் நீரோ குறைத்தார். எவ்வளவு என்பதில்தான் ஆய்வாளர்கள் நெடுநாள் ஏமாந்திருந்தார்கள்.

ஏமாற்றியது வேதியியல். வெள்ளியும் செம்பும் கலந்த வில்லையைக் காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாக மாறும். புளிப்பான கரைசலில் போட்டால் அந்த ஆக்சைடு கரைந்துவிடும். வெள்ளி மட்டும் நுண்துளைகளோடு மேலே தங்கும். பிறகு அச்சில் வைத்து அடித்தால் துளைகள் மூடி, பார்வைக்குச் சுத்த வெள்ளியாகப் பளபளக்கும். எக்ஸ் கதிர் கொண்டு மேற்பரப்பை மட்டும் அளந்தால் இந்தத் தோலின் மாற்றுத்தான் கிடைக்கும். உள்ளே இருப்பது தெரியாது. பிரிட்டனின் கெவின் புட்சரும் மேத்யூ பான்டிங்கும் காசின் விளிம்பில் மெல்லிய துளையிட்டு உள்ளிருந்து துகள் எடுத்துச் சோதித்தார்கள். நீரோவுக்கு முன்பு ஏறத்தாழச் சுத்தமாக இருந்த வெள்ளி, 64இல் சுமார் 80 சதவீதமாக இறங்கியிருந்தது. படத்தில் இருந்ததோ, பேரரசரைக் காக்கும் ஜூபிடரும், உடல்நலத் தேவியும்.

அக்காலத்து மக்கள் இதை அறியாமல் இல்லை. ரோம எல்லையை ஒட்டிய ஜெர்மானியர்கள், ஓரத்தில் பல்வெட்டு வைத்த பழைய காசுகளையும் இரட்டைக் குதிரைத் தேர் பொறித்தவற்றையும் மட்டுமே விரும்பி வாங்குவதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 98இல் எழுதுகிறார். இந்தியப் புதையல்களிலும் நீரோவின் மாற்றத்துக்குப் பிந்திய டெனாரியஸ்கள் மிகக் குறைவு. தலையை மறந்துவிட்டு வெள்ளியைப் பார்க்கும் வித்தை எல்லா ஊர் வணிகருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளி எடுத்த தடயம் காசில் மட்டும் தங்கவில்லை. ரோமானியர் வெள்ளியைப் பெரும்பாலும் ஈயத் தாதுவிலிருந்து பிரித்தார்கள். உருக்கி, மேலே காற்றை ஊதினால் ஈயம் ஆக்சைடாகிச் சாம்பல் படுக்கையில் இறங்கிவிடும். வெள்ளி தனியே நிற்கும். அப்போது எழுந்த ஈயப் புகை காற்றோடு கிரீன்லாந்து வரை போய்ப் பனியில் படிந்தது. ஆண்டுக்கு ஓர் அடுக்காக உறைந்த அந்தப் பனியைத் துளையிட்டு எடுத்து ஜோசப் மெக்கானல் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு நூற்றாண்டுகளில் ஈயம் உயர்ந்து நிற்கிறது. 165இல் தொடங்கிய பெருங்கொள்ளை நோயோடு சரிகிறது. சுரங்கத்தில் ஆள் இல்லை. உலையில் புகை இல்லை.

தராசுக்காரியிடம் ஒரு கேள்வி

அதன்பின் சரிவுதான். படையின் ஆதரவால் அரியணை ஏறிய செப்டிமியஸ் செவெரஸ் சம்பளத்தை உயர்த்தினார். டெனாரியஸில் வெள்ளியைப் பாதியளவுக்குக் குறைத்தார். அவருடைய காசுகளில் தராசு ஏந்திய நேர்மையும் மொனேட்டாவும் நிமிர்ந்து நிற்கிறார்கள். எடை சரி, மாற்று சரி என்று சாட்சி சொல்ல வேண்டியவள், பாதி செம்பான காசில் நின்றுகொண்டு யாருக்குச் சாட்சி சொன்னாள்?

அவர் மகன் கரகல்லா 215இல் புதுக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பேரரசர் தலையில் சூரியக் கதிர் முடி. அரசியின் காசில் மார்புக்குக் கீழே பிறைநிலா. கதிர் முடி என்றால் இரட்டை மதிப்பு. நீரோ காலத்துப் பித்தளைக் காசிலேயே இருந்த குறியீடு அது. ஆக, இரண்டு டெனாரியஸ் மதிப்பு. ஆனால் உள்ளிருந்த வெள்ளி ஒன்றரைக்குத்தான். மீதி அரைப் பங்கைச் சூரியன் ஈடுகட்டினார்.

260இல் பேரரசர் வலேரியனைப் பாரசீகர் உயிரோடு பிடித்தார்கள். மேற்கில் கோல் பகுதி தனி ஆட்சியாகப் பிரிந்தது. அவர் மகன் காலியனஸின் காசுகள் அமைதி, வெற்றி, படையின் விசுவாசம், நேர்மை என்று முழங்குகின்றன. அவர் ஆட்சி முடிந்த 268இல் அந்தக் கதிர் முடிக் காசில் வெள்ளி ஐந்து சதவீதத்துக்கும் கீழே. வெள்ளி முலாம் தேய்ந்ததும் செம்பு பல்லிளித்தது. அவுரேலியன் காலத்தில் ரோமின் அக்கசாலைத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். அதை அடக்கப் போனதில் ஏழாயிரம் வீரர்கள் மாண்டதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. 274இல் அவர் செய்த சீர்திருத்தத்தின் அடையாளம் காசின் அடியில் உள்ள 21 என்ற எண். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள்.

294 வாக்கில் டயோக்ளீஷியன் மறுபடியும் நல்ல வெள்ளிக் காசு அடித்தார். பின்பக்கத்தில், கோட்டை வாசலில் நான்கு ஆட்சியாளர்கள் சேர்ந்து வேள்வி செய்கிறார்கள். சிலவற்றில் படமே இல்லை. 96 என்ற எண் மட்டும். ராத்தலுக்கு 96 காசு, அதே நீரோவின் எடை. மூன்று நூற்றாண்டு அலங்காரத்துக்குப் பிறகு மக்களிடம் நம்பிக்கை பெற அரசுக்கு மிஞ்சிய சின்னம் ஓர் எண்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்பில் தமிழ் மண்ணில் கிடைத்த ரோமக் காசுகள் உள்ளன. அடுத்த முறை அங்கே போனால் யாருடைய தலை என்று மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். பின்பக்கத்தில் நிற்பவள் கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். பிறகு அந்தக் காசு நீரோவுக்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். அவள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.